எடுத்துக்கொடுக்காத வரி

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போன வாரம் ஒத்திகைக் கொட்டகையில் உங்களில் ஒரு தம்பி, "டீச்சர், இதெல்லாம் ரிடையர் ஆகற வேலையா லா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். சத்தம்தான் வெளியே வரவில்லை. என் தொண்டை இப்போது அப்படி. நாடகக்காரர்களுக்குக் கத்திக் கத்தித் தொண்டை போகும். படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்து, வருஷக்கணக்காகக் கிசுகிசுத்தே தொண்டையைத் தொலைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டாக்டர் பேசாதே என்கிறார். பள்ளிக்கூடத்தில் பேசாமல் இருக்க முடியாது, அது சோறு. அதனால் இதை விடுகிறேன்.

பிரிவுபசாரக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்கு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். சொல்ல முடியாததால் எழுதித் தருகிறேன். குரல் நன்றாக இருக்கிற யாராவது படியுங்கள். மற்றவர்கள் கோப்பி குடித்துக்கொண்டே கேட்கலாம், எனக்கு வருத்தமில்லை.

படுதா எப்போது இழுப்பது, முகத்தில் எவ்வளவு பூசுவது, சீனை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது கை பழகினால் வந்துவிடும். கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் "கலையே ஆயுதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அழிக்க வேண்டாம், நல்ல கையெழுத்து. உங்கள் வயதில் நான் அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன். இங்கே சொல்லப்போவது அந்த ஆயுதம் ஒருநாள் யார் தலையில் விழ இருந்தது என்பதைப் பற்றி.

நான் சேர்ந்தபோது சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, பள்ளிக்கூட வேலைக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஓர் இடத்தில் உட்கார முடியாது. கையில் எப்போதும் ஒரு புத்தகம், வாயில் எப்போதும் ஒரு வாதம். மேடை ஏறினால் அம்மா வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். மேடைக்குப் பின்னால் நிற்பதை அம்மா கணக்கில் எடுக்கவில்லை. அப்படித்தான் இந்தக் குழுவுக்குள் நுழைந்தேன். குழுவை நடத்தியவரை எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிட்டோம். நானும் அப்படியே எழுதுகிறேன். பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது.

சயாம் நாடகத்தை அப்போதுதான் போட ஆரம்பித்தோம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்தும் நகரத்திலிருந்தும் நம் ஆட்களை லாரியில் ஏற்றி, ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். உங்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கும், உங்களுக்குத்தான் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லாததால்தான் நாடகம் போட்டோம்.

கடைசிக் காட்சியில் திரும்பி வராதவர்களின் பெயர்களை மேடையிலேயே வாசிக்க வேண்டும் என்பது என் யோசனை. நான் மாதா கோயிலில் வளர்ந்தவள். நவம்பர் மாதம் சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். குண்டு விழுந்து போன என் அப்பாவின் பெயர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெயர் வந்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிட்டேன்.

பெயர் சேர்க்க அலைந்தோம். நம் ஆட்கள் நெருங்கி வாழும் தேக்கா முழுக்க, நகரசபைக் குடியிருப்புகள், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கடற்படைத் தளம் வரைக்கும். சிக்கல் என்னவென்றால், புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லமாட்டார். ஓர் அம்மாவிடம் கேட்டபோது சுவரிலிருந்த காலண்டர் முருகனைக் காட்டினார்.

"முருகனா?"

"ம்ஹூம். கையில என்ன வெச்சிருக்காரு பாரு."

"வேல். வேலு!"

தலையை மட்டும் ஆட்டினார். இப்படிப் பெயர் சேர்ப்பது சிரிப்பாக இருந்தது, ஆனால் நேரம் பிடித்தது. ஆகவே குறுக்கு வழியில் போனோம். பக்கத்து வீட்டில் கேட்டோம். கூடப் போய்த் திரும்பி வந்தவர்களிடம் கேட்டோம். பெயரைத்தான் பெண்சாதி வாயால் சொல்லப்போவதில்லையே, அவளிடம் எதற்குப் போவது என்று இருந்துவிட்டோம். அதுதான் எங்கள் தப்பு. பெயரோடு சேர்த்து, அந்த ஆள் செத்துவிட்டார் என்பதையும் அடுத்தவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அதிகப் பெயர்களைக் கொடுத்தவர் சயாம்காரர். அங்கே போய்த் திரும்பியதால் தேக்காவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. நகரசபையில் கால்வாய் வேலை. ஒரு காது அங்கே வாங்கிய அடியில் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாது. நடிக்கவும் தெரியாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் கூட்டம் அசையாது. கடைசிக் காட்சியில் அவர் அவராகவே வந்து நிற்பது என்றும், படுதாவுக்குப் பின்னாலிருந்து நான் ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொடுக்க அவர் உரக்கச் சொல்வது என்றும் ஏற்பாடு.

பெயர்களுக்கு முன்னால் அவர் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். நான் எழுதியது. "இவர்கள் செத்தவர்கள் அல்ல, கொல்லப்பட்டவர்கள்." இப்போது பார்த்தால் சாதாரண வரிதான். அப்போது அந்த வரிக்காகப் போலீஸ் நிலையத்துக்கு எத்தனை நடை நடந்தேன் தெரியுமா? நாடகத்தை முழுசாக எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கினால்தான் அனுமதி. அதிகாரி அந்த வரியை அடிக்கிறார், நான் போய் வாதாடுகிறேன், மறுபடி அடிக்கிறார், மறுபடி போகிறேன். கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டார். ஒரு நிபந்தனை வைத்தார். எழுத்தில் இருப்பதற்கு மேல் ஒரு சொல் கூடச் சேரக்கூடாது. சேர்ந்தால் குழுவுக்கு இனி அனுமதி கிடையாது.

நாடகம் சனிக்கிழமை சாயங்காலம், சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். மத்தியானம் படுதா கட்டிக்கொண்டிருந்தோம். பின்வாசல் வழியாக அஞ்சலை அக்கா வந்தார். தேக்கா மார்க்கெட்டில் மசாலா அரைத்துக் கொடுப்பவர். மஞ்சளும் மிளகாயும் ஊறிப்போன கை. எப்போதும் அம்மிக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்த்தவரை நின்று பார்த்ததும், இவ்வளவு உயரமா என்று இருந்தது.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் பேரு உங்க நாடகத்துல வருதாமே?"

"ஆமாக்கா, கடைசில வரும். நீங்க முன் பெஞ்சில உக்காருங்க, நல்லாக் கேக்கும்."

"எந்த வரிசைல வருது?"

எனக்குப் புரியவில்லை.

"இருக்கறவங்க வரிசையா, போனவங்க வரிசையா?"

அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். பெரிய பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு. எத்தனை வாரம் இவரிடம் மசாலா வாங்கியிருக்கிறேன், பார்த்ததே இல்லை.

"அவரு போயிட்டார்னு யாரு சொன்னா டீச்சர்? எனக்கு யாரும் சொல்லலியே. தையில என் பொண்ணுக்குக் கல்யாணம். தாம்பூலம் மாத்தியாச்சு. காரியத்தப் பண்ணிட்டுத் தாலியக் கழட்டுன்னு என் கொழுந்தனார் வருஷா வருஷம் வந்து நிக்கறாரு. நான் மாட்டேன்னுட்டேன். இன்னிக்கு அவரும் வந்து பெஞ்சில உக்காருவாரு. ஊரு முன்னாடி நீங்க சொல்லிட்டா, அப்புறம் நான் என்னத்தச் சொல்ல? பெத்த பொண்ணு கல்யாணத்துல தூணுக்குப் பின்னாடி நிக்கணும்."

எனக்கு எப்போதும் கை முந்திக்கொள்ளும். பிரதியில் பெயர்கள் இருந்த பக்கத்தைப் பிரித்துப் பென்சிலை எடுத்துவிட்டேன். "எடுத்துடறேன்க்கா. ஒரே கோடு, முடிஞ்சுது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காகிதத்தில் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது, பாருங்கள்.

"எடுக்காதீங்க."

"நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"பேரையே எடுத்துட்டா அவரு போகவே இல்லன்னு ஆயிடும் லா. லாரில ஏத்தினப்போ இடுப்புல புள்ளையோட பின்னாடியே ஓடினவ நான். அவரு எங்கியோ இன்னொருத்தியோட குடும்பம் நடத்தறார்னு சொல்ற வாயும் இருக்கு. எல்லார் வீட்டுப் பேரும் வந்து எங்க வீட்டுப் பேரு மட்டும் வரலன்னா, அவங்க சொன்னது நெசமாயிடும்."

சயாம்காரர் உள்ளே வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"தங்கச்சி, மாரிமுத்துவைக் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன். காய்ச்சக்காரன் கொட்டாய். அங்க போனவன் எவனும் திரும்பல."

"அவரு செத்தத பாத்தீங்களாண்ணே?"

அவர் படுதாக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா, இல்லியா?"

"பாக்கல," என்றார். பிறகு கோபம் வந்துவிட்டது. "வருவாரு வருவாருன்னு எல்லாரும் இப்படி உக்காந்திருந்தா எவன்மா கேக்கறது? காணாமப் போனான்னா அதுக்கு எவனும் பொறுப்பில்ல. கொன்னாங்கன்னு சொன்னாத்தான் எவன் கொன்னான்னு கேக்க முடியும். என் முதுகப் பாரு. இது காணாமப் போன ஆளோட முதுகா?"

"நான் உங்கள ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க வந்துட்டீங்க. உங்க வீட்ல இருந்த நாக்காலில நீங்களே வந்து உக்காந்துட்டீங்க." அஞ்சலை அக்கா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், பேரும் இருக்கணும், அவரும் சாகக்கூடாது. எப்படின்னு எனக்குத் தெரியாது. அரைச்சது பாதில நிக்குது, போட்டுட்டு வந்துடறேன்."

போய்விட்டார்.

வாத்தியாரிடம் ஓடினேன். கண்ணாடி முன் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருக்கிறதே, இப்போது என்ன செய்வது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"உங்களுக்கே தெரியலன்னா?"

"அந்த வரிய நானா எழுதினேன்? நீ எழுதின. உன் வரி ஒருத்தர் வாசல்ல போய் நிக்குது. நீதான் போய்க் கதவத் தட்டணும்." மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நேற்று உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டபோது நானும் அதே மாதிரி கையை விரித்தேன். அதனால் கோபம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

எங்கள் நாடகத்தின் இரண்டாம் காட்சி பெரட்டு. நகரத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் இருந்தால் "இருக்கேங்க." இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆள் யாராவது "வரலைங்க" என்று சொல்ல வேண்டும். காய்ச்சலா, ஓடிப்போனாரா, செத்தாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் அந்த ஒரு சொல் போதும்.

அந்தக் காட்சிக்கான மூங்கில் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வரியை எடுத்துவிட்டால்? வரி போய்விட்டால் பெயர்கள் செத்தவர்களின் பெயர்களாக இருக்க வேண்டியதில்லை. சயாம்காரர் கங்காணியின் கம்பைப் பிடித்துக்கொண்டு, பெரட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டால் போதும். பெயர் இருக்கும். செத்தார் என்று யாரும் சொல்லமாட்டோம். ஒரு சொல்லும் சேராது, குறையத்தான் செய்யும்.

நாடகத்தைச் சரிபார்க்க அனுப்பப்பட்ட போலீஸ் குமாஸ்தா வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நம் ஆள்தான், தமிழ் படிக்கத் தெரிந்தவர். முத்திரை போட்ட பிரதி மடியில் இருந்தது. ஒரு வரியைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"எந்த வரி?"

காட்டினேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமாங்க. சேத்தாத்தான் தப்பு. நீங்களாவே கொறைச்சா மேல ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

எந்த வரிக்காக அவர்களோடு மல்லுக்கட்டினேனோ, அதை நானே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தேன். தம்பி தங்கைகளே, இந்த வேலையில் எதிரி சிரிக்கிற முடிவை நீங்களே எடுக்க வேண்டிய நாள் ஒன்று வரும். அன்று யாரும் கைதட்டமாட்டார்கள்.

சயாம்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீயும் பயந்துட்ட டீச்சர்," என்றார். பயமில்லை என்றேன். "பின்ன என்ன?" என்றார். விளக்கமாகச் சொன்னேன். கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பை மட்டும் வாங்கிக்கொண்டார். செய்வார் என்பதா செய்யமாட்டார் என்பதா என்று தெரியவில்லை. மணி அடித்துவிட்டது.

மண்டபம் நிறைந்திருந்தது. கடற்படைத் தளத்திலிருந்து லாரியில் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அஞ்சலை அக்கா, பக்கத்தில் கல்யாணப் பெண். ஆண்கள் பக்கம் கொழுந்தனார், கையைக் கட்டிக்கொண்டு. நாடகத்தில் வாத்தியார் எப்படி நடித்தார், யார் வசனத்தை மறந்தார்கள் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. கடைசிக் காட்சி வந்ததும் பெயர்கள் இருந்த பக்கத்தைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

சயாம்காரர் நடு மேடைக்கு வந்து நின்றார். கம்பை ஊன்றினார். என் பக்கம் பார்த்தார்.

என் வேலை எடுத்துக்கொடுப்பது. அவர் காத்திருந்தது அந்த வரிக்காக. அது அவருக்கு மனப்பாடம், நான் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் என் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. முன் பெஞ்சில் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். அவர் கண் என்னை விட்டு நகரவில்லை. நான் முதல் பெயரை எடுத்துக்கொடுத்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். பிறகு கம்பை ஒருமுறை தரையில் தட்டி, தோட்டத்துக் குரலில் கூப்பிட்டார்.

"வேலூ!"

சத்தமே இல்லை. கூப்பிட்டால் பதில் வர வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை! அடுத்த பெயரைக் கொடுத்தேன். கூப்பிட்டார். மறுபடி மௌனம். இன்னொரு பெயர், அதற்கும் ஒன்றுமில்லை. நாடகம் என் கையிலேயே செத்துக்கொண்டிருந்தது. படுதாவை இழுக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவரும் என்னைத்தான் பார்த்தார். தலையை அசைத்திருந்தால் முடிந்திருக்கும். அசைக்கவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை, உடம்பு ஓடவில்லை. அடுத்த பெயரைக் கொடுத்தேன்.

"மாரிமுத்தூ!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். உட்கார்ந்தபடியே சொன்னார். அரைப்புக் கல்லின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"வரலைங்க."

சயாம்காரர் அவரைப் பார்த்து நின்றார். பெரட்டில் கங்காணி செய்வதுபோல மெல்லத் தலையை அசைத்தார், பதிவு பண்ணிக்கொண்டதுபோல. அடுத்த பெயருக்கு என் பக்கம் திரும்பினார். அந்தப் பெயருக்கு இன்னொரு மூலையிலிருந்து பதில் வந்தது. "வரலைங்க." அதற்கடுத்ததற்கும். காரியம் முடித்து, திதி கொடுத்து, எல்லாம் செய்து முடித்த வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். பெயர்கள் முடிந்ததும், நான் கொடுக்காமலே அவர் தொடக்கத்துக்குப் போய், பதில் வராத பெயர்களை மறுபடி கூப்பிட்டார். வேலுவின் பெண்சாதி இந்த முறை எழுந்தே நின்றார். கொழுந்தனார் கட்டியிருந்த கையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் அது அண்ணன்தானே.

அத்தோடு படுதா விழ வேண்டும். கயிற்றுக்குக் கை காட்டினேன். அதற்குள் சயாம்காரர் தன் பெயரைத் தானே கூப்பிட்டார். தேக்காவில் பலருக்குத் தெரியாத, அப்பா அம்மா வைத்த பெயர். கூப்பிட்டுவிட்டு, அந்தக் கூட்டம் முழுவதையும் பார்த்துச் சொன்னார்.

"வந்துட்டேங்க."

மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

குமாஸ்தா பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் வந்தார். "கூட்டம் பேசினத நான் கண்டுக்கல. அந்தக் கடைசிப் பேரு எழுத்துல இல்லியே?"

வாத்தியார் மீசையை உரித்துக்கொண்டே சொன்னார். "அது நாடகம் இல்லீங்க. அது அவரு பேரு."

குமாஸ்தா நல்ல மனுஷர்தான். கண் கலங்கித்தான் இருந்தது. கலங்கிய கண்ணோடு போய் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ரொம்ப நாள் எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

குழுவிலேயே இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். வரியை விற்றுவிட்டேன் என்றார்கள். ஒருவர் விலகியே போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. கொன்றவர்கள் கொன்றார்கள் என்று சொல்லாத நாடகம் என்ன நாடகம்? தை மாதம் கல்யாணத்துக்குப் போனேன். அஞ்சலை அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்று, பெண்ணுக்கு முதல் நலங்கு வைத்தார். அன்று மட்டும் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார், ஆனாலும் மஞ்சள் போகவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தபோது என் வரி ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒரே இலையில் வைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

அனுமதி திரும்பக் கிடைத்தபிறகு அநேகமாக வருஷம் ஒருமுறை போட்டோம். வரி இல்லாமல்தான். இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் எந்த வீட்டுக்கும், நடந்தது தப்பு என்று சொல்லி ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. வருஷா வருஷம் அதே மண்டபம், அதே கம்பு, அதே "வரலைங்க." குரல்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அம்மாக்கள் போனார்கள். பிள்ளைகள் புக்கிட் மேரா பக்கம் வீடு கிடைத்துப் போனார்கள். சில வருஷம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தக் களைப்பு நாடகக் களைப்பு இல்லை.

கடைசியாகப் போட்டதை நீங்களும் பார்த்தீர்கள். படுதாவுக்கு அந்தப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. மாரிமுத்து பெயரைக் கொடுத்தேன். சயாம்காரர் கூப்பிட்டார், அவருக்கும் இப்போது குரல் நடுங்குகிறது. பதில் இல்லை. அஞ்சலை அக்கா வரவில்லை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அதே மூன்றாவது பெஞ்சில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். உங்களில் ஒருவர் நான் பெயரை மறந்துவிட்டேன் என்று நினைத்து, பின்னாலிருந்து "டீச்சர், அடுத்தது, அடுத்தது" என்று முதுகில் குத்தினீர்கள். மறக்கவில்லை.

முடிந்ததும் அவர் பின்பக்கம் வந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை.

"ஆடி அமாவாசைக்கு மருமகன விட்டுக் கடலோரத்துல எல்லாம் செஞ்சாச்சு டீச்சர். யாரும் சொல்லல. நானாத்தான்."

ஏன்க்கா என்று மட்டும் கேட்டேன்.

"களைச்சுப் போச்சு. எத்தன வருஷம்தான் அவரக் காக்க வெக்கறது? அவரும் பாவம் லா." பேத்தி அவர் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு எனக்காக ஒரு வரிய எடுத்தீங்களாமே? மேடையில நின்ன அண்ணன் இப்பத்தான் சொன்னாரு. அது என்ன வரி?"

சொன்னேன். என் குரல்தான் தெரியுமே, அவர் காதருகே போய்ச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "அதப் போடுங்க. எங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடி போடுங்க."

ஆகவே, இந்தப் பிரதியை உங்களிடம் கொடுக்கும்போது அந்த வரி அதில் இருக்கிறது. எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் இல்லை, மாரிமுத்துவின் பெயருக்கு முன்னால் மட்டும். "இவர்கள்" என்பதை "இவர்" என்று மாற்றிப் பென்சிலால் எழுதியிருக்கிறேன், மஞ்சள் கறைக்குப் பக்கத்திலேயே. அதற்கு அனுமதி வாங்க நீங்கள்தான் நடக்க வேண்டும். அடிப்பார்கள். மறுபடி போங்கள். மற்ற பெயர்களுக்கு அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், உரியவரையே கேளுங்கள். இன்னும் பொட்டு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சயாம்காரருக்கு அடுத்த முறை எடுத்துக்கொடுக்க யார் நிற்கப்போகிறீர்களோ, அவருக்கு ஒன்று மட்டும். கேட்கிற காது இடது பக்கம், அங்கே நில்லுங்கள். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் பயந்து அடுத்த பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் உள்ளே உட்கார்ந்துதான் இருப்பார். காத்திருங்கள்.